நாலில் ஒரு பங்கு வீடு

புயல் மழைக்குப் பிறகு காயவைத்ததில் டிரையர்காரர் சில்வஸ்டரின் வீடு நாலில் ஒரு பங்காகச் சுருங்கிப்போனது. மஞ்சூர் பக்கம் இதை யாரும் பெரிய அதிசயமாகப் பேசுவதில்லை. நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து உள்ளே போனால்தான் ஒரு கிலோ தூள் வெளியே வரும் என்பது தேயிலை ஃபேக்டரி வாசலை மிதித்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அது வீட்டுக்கும் பொருந்தியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். சில்வஸ்டர் ஒருத்தர்தான் அதை மனசில் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தார். அதற்குள் குடியிருக்க வேண்டியவர் அவர் அல்லவா.

அவர் வேலை பார்த்த கீழ்ச்சோலை எஸ்டேட் மஞ்சூரிலிருந்து கெத்தைக்கு இறங்குகிற ரோட்டில் இருக்கிறது. கொழுந்தைக் காயவைக்கிற டிரையர் அடுப்பை எந்த நேரத்திலும் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் டிரையர்காரருக்கு மட்டும் மற்றவர்களைப் போல வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு கிடையாது. ஃபேக்டரிக்குப் பின்னால் சரிவில் ஒரு தனி வீடு, ரெண்டு அறையும் சமையல்கட்டும் தகரக் கூரையுமாக. கல்யாணமாகி வந்த புதிதில் அவர் மனைவி யூனிஸுக்கு அந்தத் தனி வீட்டில் ஏகப் பெருமை. போகப் போகப் பெருமை கரைந்து தனிமை மட்டும் மிச்சமாயிற்று. சில்வஸ்டர் நல்ல மனிதர்தான், குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, ஆனால் வாயைத் திறக்க மாட்டார். அதோடு ஈரம் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. துவைத்த துணி ஒரு நாளைக்கு மேல் கொடியில் தொங்கினால் முகம் சுளிப்பார். யாராவது அழுதால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அவர்களுக்கு ஒரே மகள், ஜெஸிந்தா. அவள் கெத்தை மின்வாரியக் கேம்ப்பில் வேலை செய்த காளிமுத்துவைக் கட்டிக்கொண்டாள். பையன் தங்கமான பையன், வேலை நிரந்தரம், சில்வஸ்டர் கண்ட குறை ஒன்றே ஒன்று, அவன் கும்பிடுகிற சாமி வேறு. யூனிஸ் சி.எஸ்.ஐ. சபைக்காரி, சில்வஸ்டர் கத்தோலிக்கர், அந்தக் காலத்தில் அவர்கள் கல்யாணத்துக்கே ரெண்டு பக்கத்து ஆட்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதை யூனிஸ் எடுத்துச் சொன்னாள், எடுபடவில்லை. "அவன் கால் இந்த வாசப்படியில படக் கூடாது" என்று சில்வஸ்டர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து யூனிஸ் நாள்கணக்கில் அழுதாள். பிறகு மகளுக்குப் பிரசவம் பார்க்கக் கெத்தைக்குப் போனவள், பிள்ளைக்குப் பேர் வைத்த பிறகும் திரும்பி வரவில்லை. சண்டை என்று சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. அவள் சேலைகளும் டிரங்குப் பெட்டியும் இங்கேயே இருந்தன. எப்படியும் வந்துவிடுவாள் என்று சில்வஸ்டர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவள் வருவதற்குள் மழை வந்துவிட்டது. அது எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி. ஃபேக்டரி ஓரத்து வாய்க்கால் உடைந்து, செம்மண் தண்ணீர் அவர் வீட்டுக்குள் புகுந்து ஜன்னல் கட்டை வரைக்கும் நின்றது. மழை விட்டு அவர் ஃபேக்டரியிலிருந்து இறங்கி வந்தபோது கதவைத் தள்ள முடியவில்லை. பின்சுவரில் கடப்பாரையால் ஓட்டை போட்டுத்தான் தண்ணீரை வெளியே விட்டார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெள்ளம் புகுந்த எந்த வீட்டிலும் நடப்பதுதான். சேற்றை மம்முட்டியால் வழித்து வாளி வாளியாகச் சரிவில் கொட்டினார். ஊறிப்போன மெத்தையைத் தூக்க முடியாமல் கிழித்துக் கிழித்து எடுத்தார். மூலையில் சுருண்டு கிடந்த அட்டைகளை உப்புப் போட்டு விரட்டினார். கல்யாணப் படத்தின் கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கி அவர் முகம் அழிந்துபோயிருந்தது, யூனிஸின் முகம் அப்படியே இருந்தது. அவள் சேலைகளை ஓடையில் கொண்டுபோய் அலசினார், அலச அலசச் செம்மண்ணே வந்தது. சேலை பிழிவதற்கு ரெண்டு ஆள் வேண்டும், ஒருத்தர் இந்த முனையைப் பிடித்தால் இன்னொருத்தர் அந்த முனையைப் பிடித்து முறுக்க வேண்டும். சில்வஸ்டர் அந்த முனையைச் சில்வர் ஓக் மரத்தில் கட்டிவிட்டு இந்த முனையிலிருந்து முறுக்கினார்.

ஈரம் ஊறிய வீடுகள் சரிந்து விழுந்தால் எஸ்டேட்டுக்குத்தான் கெட்ட பேர் என்று, கிறிஸ்துமஸுக்குள் காயாத வீட்டையெல்லாம் இடிக்கப்போவதாக ஆபீஸிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வீடு போனால் சில்வஸ்டருக்குத் தனியாள் லைனில் ஒரு கட்டில் கிடைக்கும். ஒற்றை ஆண்கள் பத்துப்பேர் படுத்துக்கொள்கிற கொட்டகை அது. அங்கே எந்தப் பொம்பளையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. வீடு இருந்தால் யூனிஸ் வருவாள், இல்லாவிட்டால் வரமாட்டாள். அவர் கவலை அவ்வளவுதான், ஆனால் அது நெஞ்சு கொள்ளாத கவலை.

லைனில் எல்லோரும் தங்களுக்குத் தெரிந்த விதத்தில் காயவைத்தார்கள். தரையில் சூடான சாம்பலைப் பரப்பினார்கள், தைல இலையைப் போட்டுப் புகை மூட்டினார்கள், அறைக்கு அறை கரியடுப்பை வைத்துவிட்டு வாசலில் குளிர்காய்ந்தார்கள். சில்வஸ்டருக்கு அந்தப் பொம்மை விளையாட்டெல்லாம் போதவில்லை. மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடந்ததால் ஃபேக்டரி சும்மா நின்றது. ஃபேக்டரியை நடத்துகிற டீ மேக்கர் செல்லதுரையைக் கேட்டு, மூலையில் கிடந்த பழைய காற்றாடியையும் தகரக் குழாயையும் வாங்கி, ஃபேக்டரி அடுப்பின் சூட்டைச் சரிவு வழியாகத் தன் வீட்டுக்குள் இறக்கினார். கொழுந்தை எப்படிப் பக்குவம் பார்ப்பாரோ அப்படியே வீட்டையும் பார்த்தார். முதலில் இளங்காற்று விட்டு வாட்டினார், சுவர் துவண்டது. பிறகு சூட்டை ஏற்றினார். பூஞ்சணம் உதிர்ந்தது, கதவு கலகலத்தது, சுண்ணாம்பு விரல் பட்டால் பொடிந்தது. செல்லதுரை வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போதும் என்று சொன்னார். சில்வஸ்டர் கேட்கவில்லை. சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால், யூனிஸ் சாய்ந்து அழுத இடத்தில், ஒரு முறம் அளவுக்கு ஈரம் போகாமல் நின்றது. எவ்வளவு சூடு காட்டினாலும் அது வியர்த்தது. அந்த ஈரத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு என்னவோ செய்தது. விறகை மேலும் மேலும் அள்ளிப் போட்டார்.

அடுப்படியிலேயே கண்ணயர்ந்து காலையில் விழித்தவருக்கு முதலில் மணம்தான் வந்தது. தூள் சரியான பக்குவத்தில் விழும்போது வருகிற அதே மணம், ஆனால் தேயிலை மணம் இல்லை. யூனிஸின் தேங்காயெண்ணெய், ஜெஸிந்தாவின் பவுடர், கருவாட்டுக் குழம்பு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற துணியின் பாச்சா உருண்டை, எல்லாம் கலந்து அடித்தது. வெளியே வந்து பார்த்தால் வீடு அவர் நெஞ்சு உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. சுவர், ஜன்னல், கட்டில், அலமாரி, மடித்து வைத்த சேலைகள் என எல்லாமே அந்தந்த அளவுக்கு ஒழுங்காகச் சுருங்கியிருந்தன. ஜெபப் புத்தகம் தீப்பெட்டியாகியிருந்தது. தகரம் எப்படிச் சுருங்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. அத்தனை வருஷம் நீலகிரி மழை குடித்த தகரம் வேறு எப்படி இருக்கும் என்றுதான் இங்கே பதில் சொல்லுவார்கள். கதவுக்குப் பின்னால் இருந்த ஈரமும் காய்ந்து போயிருந்தது.

ஆபீஸிலிருந்து வந்து பார்த்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், கணீர் என்றது. எஸ்டேட்டிலேயே நன்றாகக் காய்ந்த வீடு இதுதான், இடிக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டின் அளவைப் பற்றி எந்த உத்தரவும் இல்லாததால் அதைப் பற்றி அவர்கள் பேசவில்லை. சில்வஸ்டர் நாலு காலில் தவழ்ந்து உள்ளே போனார், முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு படுத்தார். மறுநாளும் அப்படியே. அடுத்த வருஷமும் அப்படியே. முதுகு கூனிவிட்டது, ஃபேக்டரியில் மட்டும்தான் நிமிர்ந்து நின்றார். ஆனாலும் அந்த வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் போதும், இருபது வருஷத்துக் குடித்தனம் மூக்கை நெருக்கிக்கொண்டு நிற்கும். பெரிய வீட்டில் காற்றோடு போய்க்கொண்டிருந்த வாசனையெல்லாம் இப்போது இறுகித் திடமாகக் கிடந்தது. யூனிஸ் இங்கே இருந்தபோதுகூட அவள் இவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதை யாரிடம் சொல்லுவார். இடுக்குகளில் டீப்பெட்டிக்குப் போடுகிற ஈயத்தாளை அடைத்து மணம் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டார்.

அதற்கும் மறுவருஷம் தை மாதத்தில் யூனிஸ் வந்தாள். மகள் அனுப்பவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை, மனசு கேட்காமல் அவளாகவே துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். சில்வஸ்டருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஃபேக்டரியிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வெளியே போட்டு, டீ வாங்கிவந்து கொடுத்தார். அவள் குனிந்து கதவு வழியாக உள்ளே பார்த்தாள். தன் கட்டிலைப் பார்த்தாள், தன் சேலைகளைப் பார்த்தாள். நடுவில், அவர் சுருண்டு படுத்துப் படுத்துப் பள்ளமான இடத்தையும் பார்த்தாள். "ஒருத்தருக்குத்தானுங்க எடம் இருக்குது" என்றாள். என்ன செய்யலாம் என்று கேட்கிற குரல்தான் அது. சில்வஸ்டர் சுவரைத் தட்டிக் காட்டி, நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று சொன்னார். அவருக்குத் தெரிந்த பெருமை அது ஒன்றுதான். அவள் டீயைக் குடித்து முடித்தாள், தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், சாயங்கால பஸ்ஸுக்கு ரோட்டுக்கு ஏறிப்போனாள். துணிப்பையை அவள் தோளிலிருந்து இறக்கவே இல்லை என்பது பஸ் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அன்றைக்கு உள்ளே தவழ்ந்து போய்ப் படுத்தவர் அழுதார். பெற்ற தாய் செத்தபோதுகூட அழாத மனிதர். விடிந்து பார்த்தால், கன்னம் பதிந்து கிடந்த இடத்தில் தரைப்பலகை ஒரு சாண் அகலத்துக்குப் பழைய அளவில் விரிந்து, மற்ற பலகைகளைத் தள்ளிக்கொண்டு கிடந்தது. அந்த இடத்தில் மட்டும் வாசனையே இல்லை, வெறும் ஈர மரம். அவர் பதறிப்போய்க் கரியடுப்பைக் கொண்டுவந்து வைத்து அதை மறுபடியும் காயவைத்துச் சுருக்கிவிட்டார். லைனிலிருந்து வந்த பேச்சி அதைப் பார்த்துவிட்டாள். அவள் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள், புருஷனை அங்கேயே புதைத்துவிட்டு வந்தவள், மனசில் பட்டதைப் படீரென்று சொல்லிவிடுவாள். "சுடுதண்ணி காட்டாம கொழுந்து விரியுமாண்ணே? ஊத்தி விடுங்க, அக்கா வந்து இருக்கட்டும்" என்றாள். சில்வஸ்டர் கரியடுப்பை எடுத்து வெளியே வைத்தார். சுடுதண்ணீர் ஊற்றினால் வீடு விரியும், அது அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் சாறு இறங்கிப்போன தேயிலை என்னவாகும் என்பதும் டிரையர்காரருக்குத் தெரியும். அத்தனை வாசனையும் ஒரே நாளில் வாய்க்காலோடு போய்விடும். பிறகு யூனிஸும் வராமல் போய்விட்டால் இதுவும் இல்லை, அதுவும் இல்லை. கையில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தார். அப்படியே வருஷங்கள் போயின. இடையில் ஃபேக்டரிக்குப் புது டிரையர் வந்தது, மஞ்சூருக்கு இன்னொரு பஸ் விட்டார்கள், ஜெஸிந்தாவின் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததாகப் பேச்சுவாக்கில் கேள்விப்பட்டார்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது உள்ளே ஒன்றும் மணக்கவில்லை. மூக்கடைப்பாக இருக்கும் என்று பார்த்தார், அப்படி இல்லை, வெளியே வைத்திருந்த தைல இலை மணக்கத்தான் செய்தது. சேலையை எடுத்து முகத்தில் வைத்து இழுத்தால் எங்கேயோ அடியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய், அதுவும் காறல் வாடை. அவர் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு உசத்தியான தூளானாலும், எத்தனை ஈயத்தாள் சுற்றி வைத்தாலும், குடிக்காமல் வைத்தால் பழசாகி மண்ணாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. வாழ்க்கை முழுக்கப் பிறத்தியார் குடிக்கத் தூள் போட்டுக் கொடுத்தவர் தன் வீட்டைக் குடிக்காமல் வைத்துப் பழசாக்கிவிட்டார். இன்னும் கொஞ்ச நாள் போனால் ஊற்றினாலும் விரியாது. அந்த பயம் வந்த பிறகு அவர் யோசிக்கவில்லை.

எழுந்து போய்ப் பேச்சியின் வெந்நீர் அண்டாவைக் கேட்டார். லைனில் இருந்த மற்ற அண்டாக்களும் தாமாகவே வந்து சேர்ந்தன. ஃபேக்டரி அடுப்பில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஆளுக்கு ஒரு வாளியாகத் தூக்கிவந்து கூரைமேல் ஊற்றினார்கள். மூடிவைக்காவிட்டால் சாறு இறங்காது என்று பேச்சி சத்தம் போட்டதால் தார்ப்பாயைக் கொண்டுவந்து வீட்டைப் போர்த்தினார்கள். எல்லோரும் சுற்றி நின்று காத்திருந்தார்கள். முதலில் தகரம் நெட்டி முறித்தது. பிறகு சுவர்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தன, ஜன்னல் மலர்ந்தது, கட்டில் காலை நீட்டியது, தார்ப்பாய் உயர்ந்து உயர்ந்து கடைசியில் கூரைமேல் ஒரு கைக்குட்டையாக நின்றது. வாசற்படிக்குக் கீழேயிருந்து சிவந்த சாறு கொப்பளித்து வாய்க்காலில் இறங்கியது. மங்கிக்கொண்டிருந்த வாசனையெல்லாம் அந்தச் சூட்டில் ஒரே தடவை எழுந்து அடித்தது. அங்கே நின்ற பொம்பளைகளில் ரெண்டு மூன்று பேர் காரணம் தெரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சில்வஸ்டர் இந்தத் தடவை விலகிப் போகவில்லை. சாறு ஓடையில் கலந்து கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வீட்டுக்குள் நிமிர்ந்து நடந்து போனார். எதுவும் மணக்கவில்லை. சுவரெல்லாம் வெளுத்துச் சொதசொதவென்று இருந்தது. அந்தப் பெரிய வீட்டில் அவர் ஒருத்தர்தான் இருந்தார். அவ்வளவு தனியாக அவர் எப்போதும் இருந்ததில்லை. காலை நீட்டிப் படுத்தார், நீட்டின கால் வலித்தது. செல்லதுரை காற்றாடியைத் தருவதாகச் சொல்லி அனுப்பினார், சில்வஸ்டர் வேண்டாமென்றுவிட்டார்.

அந்த ஓடை கீழ்ச்சோலையிலிருந்து விழுந்து இறங்கிக் கெத்தை கேம்ப்புக்குப் பக்கத்தில் போகிறது. தண்ணீர் சிவந்து வந்ததைப் பார்த்து, மேலே ஏதோ ஃபேக்டரியில் தூளைக் கொட்டிவிட்டார்கள் என்று கேம்ப்பில் பேசிக்கொண்டார்கள். அன்றைக்குத் துவைத்த துணியெல்லாம் கருவாட்டுக் குழம்பும் தேங்காயெண்ணெயும் மணத்தன. துணியை அலசிக்கொண்டிருந்த யூனிஸ் தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்தாள். அவளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமா. துணியைக் கல்லிலேயே போட்டுவிட்டு மேட்டுக்கு ஏறினாள். வீடு விரிந்துவிட்டது, போக வேண்டும் என்றாள். ஜெஸிந்தா ஒன்றும் கேட்காமல் பையில் அரிசியும் பருப்பும் கட்டிக் கொடுத்தாள். மாமியாரைத் தனியாக விட மனசு வராமல் காளிமுத்து லீவு சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே பஸ் ஏறினான்.

அவர்கள் வந்தபோது சில்வஸ்டர் பழந்துணியால் தரையைத் துடைத்து வாளியில் பிழிந்துகொண்டிருந்தார். யூனிஸ் உள்ளே வந்து, வருஷக்கணக்காகப் போயிருந்தவள் போல இல்லாமல் சந்தைக்குப் போய் வந்தவள் போலச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துணியின் மறுமுனையைப் பிடித்தாள். ரெண்டு பேருமாக முறுக்கினார்கள். பிறகு அவள் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் போய்ச் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். அந்த முறம் அளவு ஈரம் பழைய இடத்திலேயே இருந்தது.

"ஏனுங்க, ஊடு இன்னும் காயலீங்களா?"

"காயட்டும் யூனிசு. இப்ப என்ன அவசரம்."

காளிமுத்து வாசற்படிக்குக் கீழே அரிசிப் பையோடு நின்றுகொண்டிருந்தான். வாசற்படியைப் பற்றி மாமனார் சொன்ன பேச்சு அவனுக்குத் தெரியும், அந்த மலைச்சரிவில் அது தெரியாதவர்களே இல்லை. பையை வைத்துவிட்டுத் திரும்புவதற்காகக் குனிந்தான். சில்வஸ்டர் வாளியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். அவனைப் பார்த்தார், தன் தரையில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தார்.

"உள்ள வாங்க மாப்ளே. கீழ ஈரமாக் கெடக்குது, செருப்போடயே வாங்க."

அந்த வீடு அதற்குப் பிறகு முழுசாகக் காயவே இல்லை, யாரும் காயவைக்கவும் இல்லை. ஆபீஸ் கணக்கில் அதைப் பழையபடி முழு வீடாகச் சேர்த்துக்கொண்டார்கள். கதவுக்குப் பின்னால் இருந்த ஈரத்தில் பாசி பிடித்துப் பச்சையாக ஒரு படுக்கை விரிந்தது, யூனிஸ் அதில் சாய்ந்துகொண்டுதான் சாயங்காலத்தில் பட்டாணி உரிப்பாள். சில்வஸ்டர் எதிரில் உட்கார்ந்திருப்பார், அப்போதும் பேச்சு அவ்வளவாகக் கிடையாது. மழைக்காலத்தில் வீடு ஒரு சாண் பெரிதாகும், பங்குனியில் பழைய அளவுக்கு வரும். கெத்தையிலிருந்து மேலே வருகிற சொந்தக்காரர்கள் அந்த வீட்டுக்குள் போகும்போது மட்டும் செருப்பைக் கழற்றுவதில்லை, ஏன் என்று யாரும் கேட்பதுமில்லை.